லிமிடெட் எடிஷன் லைவ் ரெக்கார்டில் என் இருமல்

‘சவுண்ட்போர்டிலிருந்து (அதாவது அரங்கின் ஒலி மிக்ஸரிலிருந்து) நேராக எடுத்தது, மொத்தமே 300 பிரதி, கையால் எண் போட்டது, முழுக்கக் கவர் பாடல்கள்’ என்று மேடையில் வாசித்ததைப் பதிந்த இசைத்தட்டு, ஒரு லைவ் ரெக்கார்டை, யாராவது நீட்டினால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அனுப்பிவிட்டுப் பட்டவன்.

ஆறு வருடமாக நான் பின்தொடரும் பேண்ட் அது. மூன்றே பேர், ரெக்கார்ட் கம்பெனி கிடையாது, ஷோ நடக்கும் இடத்தில் மேசை போட்டும் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் தளத்திலும் தாங்களே விற்பார்கள். ஒவ்வொரு ஷோவின் கடைசியிலும் மற்றவர்களின் நாலைந்து பழைய பாடல்களைத் தங்கள் பாணியில் கவராக வாசிப்பார்கள், ஆனால் எந்த ஆல்பத்திலும் சேர்க்க மாட்டார்கள். அதைத்தான் ரெக்கார்டாகப் போட்டிருப்பதாக ஒருவர் சொன்னார். டூரில் கூடப் போன சவுண்ட் இன்ஜினியர் கொடுத்தாராம். உறையில் பேனாவால் 41/300 என்று எழுதிய போட்டோவும் வந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“பேபாலில் நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பிவிடுங்கள், கமிஷன் மிச்சம்” என்றார். அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். அப்படி அனுப்பும் பணத்துக்கு வாங்குகிறவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது. தெரிந்தேதான் அனுப்பினேன். ஆசைதான், வேறென்ன.

ஏழு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. தட்டை விரலால் சுண்டினால் பிளாஸ்டிக் மூடி மாதிரி சத்தம். கடைசிப் பள்ளத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையே வழவழவென்று ஒரு வளையம் இருக்கும் அல்லவா, அச்சில் அழுத்திய ரெக்கார்டென்றால் அங்கே பொடி எழுத்தில் மேட்ரிக்ஸ் எண் இருக்கும். விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. இது லேத் கட், ஒவ்வொரு தட்டாக ஊசியால் வெட்டுவது. 40 நிமிட ரெக்கார்டை வெட்ட 40 நிமிடம் ஆகும். 300 தட்டென்றால் 200 மணி நேரம், அதை யார் உட்கார்ந்து செய்வார்கள்? லேத் கட் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. எத்தனையோ சின்ன பேண்டுகள் இருபது முப்பது பிரதி அப்படிப் போட்டு, சொல்லியே விற்கிறார்கள்.

சரி, பாட்டாவது கேட்போம் என்று ஊசியை வைத்தேன். கிடார் அறையை நிறைத்தது. அப்போதே உறுத்தியது. சின்ன அரங்குகளில் கிடார் ஆம்ப் தானாகவே கத்தும் என்பதால் மிக்ஸர் வழியே அதைக் குறைவாகத்தான் விடுவார்கள். அதனால் சவுண்ட்போர்ட் பதிவில் குரல் தூக்கலாகவும் கிடார் மெலிந்தும் இருக்கும். இது கூட்டத்தில் நின்று எடுத்த பதிவு.

மூன்றாவது பாட்டு முடிந்து கிடாரை டியூன் செய்கிற இடைவெளி. யாரோ இரண்டு முறை இருமினார்கள். அப்புறம் ஒரு குரல், சுத்தமான தமிழில்: “தண்ணி வேணுமாடா?”

என் நண்பன். இருமியது நான்.

பேண்டிடம் கேட்டுக்கொண்டு, மிக்ஸருக்கு இடப்பக்கம் நின்று சட்டைப்பை ரெக்கார்டரில் நானே எடுத்த ஷோ அது. மற்ற ரசிகர்களுக்காக, தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக இலவசமாகப் போட்டிருந்தேன். இப்படி எடுத்ததைப் பகிரலாம், விற்கக்கூடாது என்பது பதிவு செய்கிறவர்களுக்குள் எழுதாத சட்டம். சில பேண்டுகளே தங்கள் ஷோப் பதிவுகளை ரசிகர்களுக்குத் திறந்துவிட்டதும் உண்டு. ஃபுகாஸி என்ற அமெரிக்க பேண்ட் 800க்கும் மேற்பட்ட ஷோக்களைப் பதிவு செய்து வைத்திருந்து, 2011இல் அவற்றைத் தாங்களே ஒவ்வொன்றாக வெளியிட ஆரம்பித்தார்கள். இந்த ஆளோ திருடியதையும் ஒழுங்காகத் திருடவில்லை, தரம் குறையும்படி எம்பி3யாகச் சுருக்கித்தான் வெட்டியிருக்கிறார். சிம்பல் ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. கணினியில் ஏற்றிப் பார்த்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், உச்ச ஒலிகள் இருக்க வேண்டிய இடத்தில், தட்டின் இரைச்சல் மட்டும்தான்.

உறையைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. எல்லாமே கவர் பாடல்கள், ஆனால் பாட்டு எழுதியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. முறையாக வெளியிடுகிறவர்கள் உரிமம் வாங்கி, எழுதியவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும், அதனால் பெயர் பொடியெழுத்திலாவது இருக்கும். கையால் போட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 1988இல் சப் பாப் என்ற ரெக்கார்ட் கம்பெனி வெளியிட்ட, நிர்வாணா பேண்டின் முதல் சிங்கிள் ‘லவ் பஸ்’, ஷாக்கிங் ப்ளூ என்ற பேண்டின் பாடலுக்குக் கவர், கையால் எண் போட்ட 1000 பிரதி. அதற்கும் போலிகள் சுற்றுகின்றன. எண் எழுத ஒரு பேனா போதும்.

விற்றவரிடம் கேட்டேன். “ரசிகர்களுக்காகச் செய்தது, இதில் லாபமே இல்லை” என்று பதில் வந்தது. பதிவு என்னுடையது என்றதும் பிளாக் செய்துவிட்டார். பேண்டுக்கு எழுதினேன், மறுநாளே டிரம்மரிடமிருந்து பதில்: அப்படி ஒரு ரெக்கார்டே அவர்கள் போடவில்லை. வாங்கும் முன் அந்த ஒரு மெயிலை அனுப்ப எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நண்பனுக்கு மட்டும் சந்தோஷம், தன் குரல் ரெக்கார்டில் வந்துவிட்டதாம்.

போன வாரம் அதே ரெக்கார்ட் வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே உறை, அதே போட்டோ, அதே 41/300. அந்த 41 என் அலமாரியில் இருக்கிறது.