வட்டம் போட்டுத் திருத்திய வகுப்பு: மருத்துவ ஜெர்மன், பத்து வாரம்

ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்ச்சி பெற்ற தெம்பில்தான் இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஜெர்மனியில் மருத்துவராக வேலை பார்க்க ஃபாக்ஷ்ப்ராஹ்ப்ரூஃபுங் என்ற மருத்துவ மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம். நோயாளியிடம் பேச எனக்குப் பயமில்லை. நடுவில் எழுதும் மருத்துவக் கடிதம்தான் கவிழ்த்தது.

முதல் கடிதத்தில் 'மிட் க்ரோனிஷெ ப்ரோன்ஷீட்டிஸ்' ('நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியுடன்') என்று எழுதினேன். ஆசிரியை வட்டம் போட்டு 'க்ரோனிஷர்' என்று திருத்தினார். ப்ரோன்ஷீட்டிஸ் பெண்பால் ஆயிற்றே, 'அர்' ஆண்பால் விகுதியல்லவா என்று சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் விளக்கியதற்கே கட்டணம் சரியாகப் போயிற்று. தமிழில் 'கடுமையான வலி', 'கடுமையான வலியால்'. அடைமொழி மாறாது, பெயர்தான் உருபு ஏற்கும். ஜெர்மன் பெண்பால் ஒருமையில் நேர்மாறு: பெயர் அசையவே அசையாது. வேற்றுமையைக் காட்டுவது முன்னால் வரும் ஆர்ட்டிகிள், ஆங்கில 'தி' மாதிரியான சொல். 'மிட் டெர் க்ரோனிஷென் ப்ரோன்ஷீட்டிஸ்' என்பதில் அந்த வேலையை 'டெர்' செய்கிறது. மருத்துவக் குறிப்பில் சுருக்கத்துக்காக அதை விட்டுவிடுகிறார்கள். உடனே அதன் 'அர்' (எழுத்தில் er) அடைமொழியின் தலையில் ஏறிக்கொள்கிறது. 'ஃபெர்டாக்ட் அவுஃப்', அதாவது 'சந்தேகம்' என்று எழுதும்போது இரண்டாம் வேற்றுமை (தமிழின் 'ஐ' வேற்றுமை) என்பதால் வெறும் 'அகூட்டெ (திடீர்) ப்ரோன்ஷீட்டிஸ்' போதும். இப்படிக் கடிதத் துண்டுகளாகவே பழக்குகிறார்கள், அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை.

குறையும் உண்டு. 'இட்டிஸ்', 'ஓஸெ', 'உங்' என்று முடிந்தால் பெண்பால் என்பதை முதல் நாளே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்கள். 'ஓம்' என்று முடியும் கார்ட்ஸினோம் (புற்றுநோய்), ஹெமட்டோம் (இரத்தக்கட்டு) எல்லாம் அலிப்பால் என்பது ஆறாம் வாரத்தில்தான் வந்தது. அதற்குள் நான் ஹெமட்டோமுக்கு 'ஐனெ க்ரோஸெ' ('ஒரு பெரிய') என்று பெண்பாலில் போட்டு எத்தனையோ வட்டம் வாங்கியாகிவிட்டது ('ஐன் க்ரோஸெஸ்' என்றிருக்க வேண்டும்). முல்டிப்ளெ ஸ்க்லெரோஸெ (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) நோயின் பெயர்தானே, அப்படியே எழுதலாம் என்று நினைத்தால், அதுவும் 'மிட் முல்டிப்ளர் ஸ்க்லெரோஸெ' ஆகிறது. இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை, நானே தேடிக் கண்டுபிடித்தேன். அப்புறம், கடிதம் திருத்தி வர ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் அதே தப்பை இன்னும் இரண்டு கடிதத்தில் செய்துவிடுகிறோம்.

ஒரு படி கீழே, பி1இல் இருப்பவர்கள் இப்போதைக்குச் சேர வேண்டாம், ஆசிரியையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பேச்சு வந்துவிட்டது, எழுத்துதான் இடிக்கிறது என்பவர்கள் சேரலாம். என் கடைசிக் கடிதத்தில் இரண்டே வட்டம், அதில் ஒன்று காற்புள்ளிக்கு.