வரிசையா, ‘ப’வா, தரைப்பாயா?

2025 ஜூலையில் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை வகுப்பறைகளில் ‘ப’ வடிவில் இருக்கை போடச் சொன்னது. கடைசி பெஞ்ச் என்று ஒன்றே இருக்கக்கூடாது என்ற பேச்சைக் கிளப்பியது அதற்குச் சில மாதம் முன்பு வந்த ஒரு மலையாளப் படம். கழுத்து வலிக்கும், பலகை தெரியாது, இடம் போதாது என்று உடனே எதிர்ப்பும் வந்தது. வரிசையா, ‘ப’வா என்ற அந்தச் சண்டையில், நம் பள்ளிகளே நடத்திப் பார்த்த மூன்றாவது ஏற்பாட்டைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

முதலில் வரிசை. 1970இல் ஆடம்ஸ், பிடில் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள்: ஆசிரியருடன் பேச்சுக் கொடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முன் வரிசையிலும் நடுப் பத்தியிலும் உட்கார்ந்திருப்பவர்கள். மூலையில் இருப்பவன் வாயே திறப்பதில்லை என்றால் அதில் அவன் சுபாவத்துக்கு மட்டுமல்ல, அவன் உட்கார்ந்த இடத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் தனியாகக் கணக்குப் போடவும் பார்த்து எழுதவும் வரிசையே நல்லது. கவனம் அதில்தான் குறைவாகச் சிதறுகிறது. தேர்வுக்கு வேறு வழியே கிடையாது.

‘ப’வின் பலம் கேள்வி. 1990களின் கடைசியில் ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், வரிசையில் இருந்ததைவிட அரைவட்டத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் அதிகமாகக் கேள்வி கேட்டார்கள். பேசுபவரின் முகம் தெரிகிறது. ஆசிரியரும் இரண்டே எட்டில் யார் நோட்டையும் எட்டிப் பார்க்கலாம்.

இடக்கணக்குதான் உதைக்கிறது. 20க்கு 20 அடி அறை, 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பலகைப் பக்கம் ஆறடி விட்டால் இரு பக்கமும் 14 அடி. பின்சுவரில் மூலைகள் போக இன்னொரு 14. ஆளுக்கு ஒன்றரை அடி என்றால் 42 அடியில் 28 பேர். கதவு இருக்கும் பக்கம் இன்னும் இரண்டு பேர் குறைவார்கள். மீதிப் பேருக்கு உள்ளே இன்னொரு ‘ப’ போட வேண்டும். அப்போது வெளி ‘ப’தான் கடைசி பெஞ்ச்! பக்கக் கைகளில் இருப்பவர்களுக்குப் பலகை பக்கவாட்டில் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கூசினால் அதுவும் போச்சு. ஒரு பீரியடுக்குத் தாங்கும், நாள் முழுக்கத் தாங்காது. கழுத்து வலி என்று சொன்னவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

மூன்றாவது, செயல்வழிக் கற்றல்: பாட அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் தாங்களே படிக்கும் முறை. 2003இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழகம் முழுக்க 1 முதல் 4ஆம் வகுப்பு வரை போனது. இருக்கையை மட்டும் மாற்றாமல் அறையையே மாற்றினார்கள். பெஞ்ச் வெளியே போனது, பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அதில் ஆளுக்கு ஒரு கட்டம். அட்டைகள் பிள்ளைகளே எடுக்கும்படி தட்டுகளில். வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல். ஆசிரியரும் தரையில்தான். குழுக்கள் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் முன், பின் என்று சொல்லவே இடமில்லை. (ஐம்பதை நெருங்கிய டீச்சர்களின் மூட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்பது தனிக்கதை.) குறைகளும் இருந்தன: பதிவேட்டு வேலை, அட்டை தொலைவது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒன்றை விளக்க முடியாதது. ஆனாலும் சின்ன வகுப்புகளுக்கு மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். சுவரில் தனக்கென்று ஒரு கட்டம் இருக்கும் பிள்ளைக்கு, எங்கே உட்கார்ந்தாலும் எழுதிக் காட்ட ஓர் இடம் உண்டு.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பாய் சரிவராது. நோட்டில் எழுதுவது அதிகம், குனிந்தே எழுதினால் முதுகு போய்விடும். அங்கே 25 பேருக்குள் இருந்தால் தமிழ், சமூக அறிவியல் வகுப்புகளுக்கு ‘ப’ போடலாம். ‘ப’வின் பக்கக் கைகள் இரண்டையும் பலகை நோக்கிச் சற்றுச் சாய்த்து, வாரம் ஒருமுறை இடம் மாற்றினால் கழுத்துக்கும் நல்லது. கணக்குக்கு வரிசையே போதும். 40 பேர் இருந்தால் ‘ப’வை மறந்துவிட்டு, வரிசையிலேயே ஆட்களைச் சுழற்றுவது மேல்.

ஆனால் பீரியடுக்குப் பீரியட் இடத்தை மாற்ற, தூக்கக்கூடிய மேசை வேண்டும். பல பள்ளிகளில் இருப்பதோ மேசையும் பெஞ்சும் ஒன்றாகப் பற்றவைத்த இரும்புச் சாமான். நான்கு பேர் சேர்ந்தாலும் சத்தமில்லாமல் நகராது. அடுத்த முறை தளவாடம் வாங்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இரண்டு பேர் உட்காரும், இரண்டு பிள்ளைகளே தூக்கக்கூடிய மேசையைக் கேட்டு வாங்கலாம்.