பயந்த பூனைக்கு வெளிக்காற்று: திறந்த கதவா, பெல்ட்டா, வலை அடித்த பால்கனியா?

வாசல்படி தாண்டாத பூனை ஒன்று வீட்டில் இருந்தால் போதும், வருகிறவர்கள் எல்லாம் வைத்தியர் ஆகிவிடுவார்கள். "கதவைத் திறந்து விடு, தானா பழகிக்கும்" என்பார் ஒருவர். "பெல்ட் மாட்டி மாடிக்குக் கூட்டிட்டுப் போ" என்பார் இன்னொருவர். என் மாமியார் ஒரு படி மேலே: "ஏம்மா, பூனைன்னா நாலு வீடு போய்ட்டு வரும். இதை என்ன ஜெயில்ல போட்டு வெச்சிருக்க?"

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். பூனையின் பெயர் மிளகி. காலிங் பெல் அடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடுவாள். இந்த மாதிரிப் பூனைக்கு எந்த ஏற்பாடு சரி என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பயந்தால் அது தன் இடத்துக்குத் திரும்பி ஓட வழி இருக்கிறதா? காற்று, வெயில், குருவி வேடிக்கை எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் திறந்த கதவு. செலவு கிடையாது, பழைய சேலத்துக்குப் பழகிய வழி. செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மண்டிப் பக்கம் போனால் மூட்டை மேல் காலை நீட்டிப் படுத்திருக்கும் பூனைகளைப் பார்க்கலாம். லாரி ஹாரனுக்குக்கூடக் கண் திறக்காது. அவை அங்கேயே பிறந்து, அந்தச் சத்தத்திலேயே கண் விழித்தவை. குட்டிக்கு இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரையிலான பருவம்தான் உலகத்தோடு பழகும் முக்கியமான காலம். அப்போது மனிதரையும் சத்தத்தையும் நல்லபடியாகப் பார்க்காத குட்டி, வளர்ந்த பிறகு கதவைத் திறந்து வைத்ததாலேயே தைரியசாலி ஆகிவிடாது.

பயந்த பூனை வெளியே போனால் நடப்பது வேறு. தெருவில் ஏற்கெனவே ஒரு கடுவன் தன் எல்லையை வகுத்து வைத்திருக்கும். அது துரத்தும், இவள் நம் வாசலுக்கு வராமல் எதிர்ப்பக்கம் ஓடி, அடுத்த வீட்டு சன்ஷேடில் ஏறி உட்காருவாள். நாம் கூப்பிட்டால் குரல் கொடுக்க மாட்டாள், ஏனென்றால் பயந்த பூனை சத்தமே போடாது. காணாமல் போகும் வீட்டுப் பூனைகள் பெரும்பாலும் ஊர் தாண்டுவதில்லை. நாலு வீடு தள்ளி மாடிப்படிக்கு அடியிலோ, பழைய தறிச் சாமான் குவித்த மூலையிலோ பதுங்கியிருக்கும். நாம் தெருக்கோடி வரை தேடிக்கொண்டிருப்போம்.

கடியால் வரும் தொல்லை தனி. கடுவன் கடித்த புண் வெளியே சின்னதாக ஆறிவிடும், உள்ளே சீழ் கோக்கும். பூனைகளுக்கு வரும் எஃப்.ஐ.வி. என்ற நோய் எதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ் முக்கியமாகக் கடியால்தான் பரவுகிறது (நமக்குத் தொற்றாது). தெருநாய் இருக்கும் ஊரில் வெறிநோய் ஆபத்தைச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும் என்பேன்; கதவு ஒருநாள் திறந்து கிடக்காது என்று யார் சொல்ல முடியும்?

அடுத்தது பெல்ட், அதாவது நெஞ்சைச் சுற்றி மாட்டிக் கயிறு கோக்கும் ஹார்னஸ். இதை முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். ஏற்காட்டில் சித்தி வீட்டுச் செம்பட்டைக் கடுவன் மேல்சட்டை மாதிரியான ஹார்னஸைப் போட்டுக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே ஜம்மென்று நடப்பான். அவன் சுபாவம் அது. தோட்டம் அமைதி, ஆள் நடமாட்டம் கம்மி. குரங்குக் கூட்டம் வந்தால் மட்டும் சித்தி அவனை உள்ளே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அதே ஹார்னஸை மிளகிக்கு மாட்டினால் வயிறு தரையில் ஒட்டும், பின்னங்கால் மடங்கும், ஒரு அடி நகராது. பார்க்கிறவர்கள் "பாரு, எவ்வளவு சமத்து" என்பார்கள். சமத்து இல்லை, உறைந்து போயிருக்கிறாள். அந்த நேரத்தில் பைக் ஒன்று உறுமினால் பூனை முன்னால் பாயாது. பின்னோக்கி நெளிந்து, தோளைச் சுருக்கி, பட்டையிலிருந்து கழன்றுவிடும். கயிறு மட்டும் நம் கையில் இருக்கும். என் அளவுகோல்படி பெல்ட் இங்கேதான் தோற்கிறது: ஓட வேண்டிய நேரத்தில் ஓடும் வழியை நாமே பிடித்து வைத்திருக்கிறோம். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டுவதோ அதைவிட மோசம், கழுத்தே இறுகும்.

மூன்றாவது, வலை. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் அதிலும் ரகம் உண்டு. பால்கனிக்குப் புறா வலை அடிப்பவர்கள் நைலான் வலைதான் கொண்டு வருவார்கள். மலிவு, பார்வையை மறைக்காது, வெயிலில் சுடாது. உள்ளே இருக்கும் பயந்த பூனை பெரும்பாலும் அதில் தொங்கி ஏறாது. வெளியிலிருந்து வரும் கடுவன் நகத்தால் கிழிக்கும், சில பூனைகள் கடித்தே ஓட்டை போடும். கீழ்த்தளம் என்றால் இரும்பு வெல்டு மெஷ்தான் நல்லது. அதற்கும் ஒரு குறை உண்டு: ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மேற்குப் பார்த்த இரும்பைத் தொடவே முடியாது. மேலே பச்சை நிழல்வலை கட்டாமல் பூனையை அங்கே விடக்கூடாது. வாயைத் திறந்து நாய் போல மூச்சிரைத்தால் உடனே உள்ளே கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் முன்பக்கம் கிரில் கேட் போட்ட சிட்அவுட் இருக்கிறதே, அதுதான் பாதி வேலை முடிந்த பூனைக்கூடம். கிரில்லின் உள்பக்கம் மெஷ்ஷைக் கேபிள் டை போட்டுக் கட்டினால் போதும், சுவரில் ஓட்டை வேண்டாம், வாடகை வீட்டு ஓனரும் முகம் சுளிக்க மாட்டார்.

வலைக்குள் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி தந்தார்கள், மற்றவற்றுக்குத் தரவில்லை. பெட்டி கிடைத்தவை சீக்கிரமாகவே பதற்றம் தணிந்தன. பெட்டியின் வாய் தெருவைப் பார்க்காமல் வீட்டுக்குள் போகும் கதவைப் பார்த்து இருக்கட்டும். கதவுக்குக் கட்டாயம் ஸ்டாப்பர் வேண்டும். காற்றில் ஒருமுறை படார் என்று சாத்திக்கொண்டால் அவ்வளவுதான், சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்கு 64,000 வரை கேட்கும். அப்படியானால் விசைத்தறித் தெருவில் பூனை பைத்தியம் பிடித்து அலைய வேண்டும் அல்லவா? இல்லை. தறி ஓடும்போது மிளகி நிம்மதியாகத் தூங்குவாள். கரன்ட் போய்த் தறி சட்டென்று நின்றால் காது இரண்டும் நிமிரும். அவளைப் பயமுறுத்துவது சத்தத்தின் அளவைவிட எதிர்பாராத மாற்றம்தான். அதனால் ஆடியில் சேலம் குகைப் பகுதிக் கோயில் திருவிழாவின் வண்டி வேடிக்கை, மேளம், தீபாவளி வெடி என்று வரும் நாட்களில் சாயங்காலத்துக்கு முன்பே வலைக்கதவைச் சாத்தி, உள்ளறையில் ஃபேனை ஓடவிட்டு, பீரோ மேல் ஒரு பழைய போர்வையை விரித்துவிடுகிறேன்.

வலைக்கு வசதியே இல்லாதவர்களுக்கு ஜன்னலோரப் பலகை போதும். சாதாரணக் கொசுவலை நகத்துக்குத் தாங்காது, கம்பி வலையாக இருக்கட்டும். துணைக்கு இன்னொரு பூனை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். பயந்த பூனைக்குப் புதுப்பூனை என்பது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட தெருக்கடுவன்.

எல்லாப் பதுங்கலும் சுபாவம் என்று நினைத்துவிடவும் கூடாது. நேற்றுவரை கூடத்தில் இருந்த பூனை திடீரென்று கட்டிலுக்கடியில் போய், சோறும் தொடவில்லை என்றால் அது வலியோ காய்ச்சலோ. ஆண்பூனை மண் தட்டில் முக்கி முக்கிச் சொட்டுக்கூட வராமல் இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், மூத்திரம் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

வலை அடிக்க ஆள் வரும் நாளில் பூனையை மண் தட்டும் தண்ணீருமாக உள்ளறையில் விட்டுப் பூட்டிவிடுங்கள், டிரில் சத்தம் முடிந்து ஆட்கள் போன பிறகு திறந்தால் போதும். அதன்பிறகு பல நாள் அது பால்கனியை எட்டிக்கூடப் பார்க்காமல் போகலாம். தூக்கிக்கொண்டு போய் விடாதீர்கள். வாசலுக்கு உள்ளே ஒரு துண்டு வேகவைத்த மீன், அடுத்த நாள் அதே மீன் ஒரு சாண் தள்ளி. மிளகி இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கியபின்தான் போகிறாள். மாமியார் கேட்டால், "அவ டூட்டி நைட் ஷிப்ட்" என்கிறேன்.