ஷோமவுண்டை நம்பி மோசம் போனேன்: என்எஃப்எஸ் சர்வரோடு ஆறு வருடம்

எங்கள் ஆபீஸில் லினக்ஸில் ஓடும் என்எஃப்எஸ் சர்வர் (நெட்வொர்க் வழியாக மற்ற மிஷின்களுக்குக் கோப்புகளைப் பகிர்வது) ஒன்றை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ரீபூட் செய்யப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரே தலைவலிதான்: இந்த நேரத்தில் யார் யார் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஆரம்பத்தில், சர்வரின் அடைவை எந்தெந்த மிஷின்கள் மவுண்ட் செய்திருக்கின்றன (தங்கள் சொந்த அடைவுபோல இணைத்திருக்கின்றன) என்று ஷோமவுண்ட் கட்டளை காட்டிய பட்டியலை அப்படியே நம்பினேன். ஒருநாள் பார்த்தால், எடைக்குப் போட்டுவிட்ட இரண்டு கம்ப்யூட்டர்கள் அதில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன, என் எதிரே வேலை பார்ப்பவரின் மிஷினைக் காணோம். ஷோமவுண்ட் காட்டுவது ஆர்எம்டேப் என்ற கோப்பில் இருப்பதை. மவுண்ட் ஆகும்போது அதில் ஒரு வரி ஏறும், ஒழுங்காக அன்மவுண்ட் செய்தால்தான் இறங்கும். நடுவில் கரண்ட் போனால் அந்த வரி அங்கேயே கிடக்கும். என்எஃப்எஸ் பதிப்பு 4 கிளையண்ட் (சர்வரைப் பயன்படுத்தும் மிஷின்) நேராக 2049 போர்ட்டுக்கு வந்துவிடுவதால் அதில் ஏறுவதே இல்லை.

சரி என்று, நெட்வொர்க் கனெக்ஷன்களைக் காட்டும் எஸ்எஸ் கட்டளைக்கு மாறி, 2049-இல் எந்தெந்த ஐபி என்று பார்க்க ஆரம்பித்தேன். இது பொய் சொல்லாது, ஆனால் முழு உண்மையும் சொல்லாது. லினக்ஸில் என்எஃப்எஸ் 3 கிளையண்ட் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் கனெக்ஷனைத் தானே மூடிவிடும், மவுண்ட் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு சாயங்காலம் யாருமில்லை என்று நினைத்து சர்வரை நிறுத்தினேன். அக்கவுண்ட்ஸ் பக்கம் ஒரு மிஷின் ஹார்டு மவுண்ட் (சர்வர் பதில் தரும்வரை விடாமல் காத்திருக்கும் வகை). டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தால்கூட உறைந்து நின்றது. சர்வர் திரும்பி வந்ததும் தானாகவே சரியாகிவிட்டது, நான் வாங்கிய திட்டுதான் மிச்சம்.

நிஜமாகவே வேலைக்கு ஆனது லினக்ஸ் கெர்னல் 5.3-இல் வந்த வசதிதான். கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடியில், என்எஃப்எஸ்டியின் (கெர்னலில் உள்ள என்எஃப்எஸ் சர்வர்) கிளையண்ட்ஸ் அடைவில், என்எஃப்எஸ் 4 கிளையண்ட் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைவு. அதற்குள் இன்ஃபோ கோப்பில் ஐபியும் மிஷின் பெயரும், ஸ்டேட்ஸ் கோப்பில் திறந்திருக்கும் கோப்புகளும் பூட்டுகளும். என்எஃப்எஸ்டி கிளையண்ட்ஸ் என்ற சின்னக் கருவி இதையே அட்டவணையாகத் தரும். கன்ட்ரோல் கோப்பில் 'எக்ஸ்பயர்' என்று எழுதினால் கிளையண்டை வெளியேற்றவும் முடியும். ஒரே ஒரு தடவை செய்தேன், அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் பிழை காட்டிச் செத்தது, அப்புறம் கை வைக்கவில்லை.

பெயர் இருந்தாலே வேலை நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா இருக்கும் கிளையண்டும் தன் லீஸை (சர்வர் தரும் தவணை, வழக்கமாக 90 வினாடி) புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கும். ஸ்டேட்ஸ் காலியாக இருப்பதும் முழு ஆறுதல் இல்லை. மவுண்ட் செய்த அடைவுக்குள் சிடி கட்டளையால் நுழைந்து டெர்மினலைத் திறந்து வைத்திருப்பவர் அதில் தெரியமாட்டார்.

என்எஃப்எஸ் 3-க்கு இந்தக் கிளையண்ட்ஸ் அடைவும் உதவாது. அதற்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்எஸ் முடிவைக் கோப்பில் சேர்க்கும்படி க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டு ஒரு வாரம் விட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் வந்து போகும் ஒரு பேக்கப் மிஷின் அப்படித்தான் மாட்டியது.