மீன் தொட்டிக்கு என்று பூந்தொட்டிச் செடியைத் தலையில் கட்டிவிட்டார்கள், 1,850 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் கடைசிச் செடியையும் தொட்டியிலிருந்து பிடுங்கிப் போட்டேன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் இன்னும் அந்த அழுகல் நாற்றம் இருக்கிறது, அதே கையோடுதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சின்னத் தொட்டியில் முதன்முதலாக உயிர்ச்செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொல்லி வம்பை விலைக்கு வாங்க எனக்குத் தெம்பில்லை. கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த பெரிய மீன் கடை, அவ்வளவுதான்.

என்னுடையது ஒன்றரை அடித் தொட்டி, 40 லிட்டர் பிடிக்கும். 8 நியான் டெட்ரா மீன். மூடியோடு வந்த குட்டி எல்இடி லைட், ஹாலில் வெயிலே எட்டிப் பார்க்காத மூலை. அதுவரை பிளாஸ்டிக் செடிதான் இருந்தது. பெண் ஒருநாள் "அப்பா, இது பொய்ச் செடிதானே" என்றாள், அதில் ஆரம்பித்தது வினை. சென்னையில் இருந்துகொண்டு நியாயமாகக் கொளத்தூருக்குத்தான் போயிருக்க வேண்டும், வண்ண மீனுக்கே பேர்போன இடம், நாலு கடை ஏறி விசாரித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்று சோம்பல்பட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே போனேன். இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

கடையில் இருந்த தம்பி நன்றாகத்தான் பேசினார். தொட்டி என்ன அளவு, லைட் எத்தனை வாட், என்ன மீன் என்று டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். இவ்வளவு கேட்கிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? "சார், உங்க லைட்டுக்கு லோ லைட் காம்போ போதும், என் வீட்லயே இதான் வெச்சிருக்கேன், லைட்டே போடறதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஒரு தொட்டிக்குள் கையை விட்டு ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். நீர் சொட்டச் சொட்ட, விறைப்பாக, பச்சைப்பசேலென்று நின்றது. நான் விழுந்தது அந்த இடத்தில்தான். தண்ணீருக்குள் இருந்துதானே எடுக்கிறார், அப்போது தண்ணீர்ச் செடிதானே என்று நினைத்தேன். அன்றைக்குக் காலையில்தான் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருப்பார்கள் என்று நான் கண்டேனா?

கம்மி வெளிச்சமே போதும் என்று சேர்த்துக் கொடுத்த அந்தச் செடிக் காம்போ 1,450, கூடவே ஒரு பாட்டில் திரவ உரம் 400, மொத்தம் 1,850. யூபிஐயில் அடித்துவிட்டு வந்தேன்.

உள்ளே இருந்தவை: வெள்ளைக் கோடு போட்ட இலையோடு இரண்டு 'பேம்பூ', மேலே பச்சையும் அடியில் கத்தரிப்பூ நிறமுமாக இரண்டு 'ரெட் பிளான்ட்', ஒரு கொத்துப் புல், ஒரு அனுபியாஸ். இந்த ஆறில் அனுபியாஸ் ஒன்றுதான் நிஜமான தண்ணீர்ச் செடி, மேற்கு ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைகளில் வளர்வது. அதையும் அந்தத் தம்பி "நல்லா ஆழமா மண்ல புதைச்சிடுங்க சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அனுபியாஸின் கிழங்கு மாதிரியான தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும், வேர் மட்டும்தான் மண்ணுக்குள் போகலாம், இல்லாவிட்டால் கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் 'ரெட் பிளான்ட்' இலை கண்ணாடித்தாள் மாதிரி ஆனது. தொட்டால் விரலோடு வந்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மெல்டிங் சார், எல்லாப் பிளான்ட்டும் முதல்ல கரையும், அப்புறம் புதுசா வரும், நார்மல்" என்று பதில் வந்தது. இதில் கொடுமை என்னவென்றால், அது முழுப் பொய்யும் இல்லை. கிரிப்டோகரைன் மாதிரி நிஜத் தண்ணீர்ச் செடிகள் பண்ணையில் காற்றில் வளர்ந்து வந்தவையாக இருந்தால், தண்ணீருக்குள் போனதும் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாக விடும். அந்த உண்மையைத்தான் எடுத்து என் வாயை அடைத்தார்கள். நானும் நம்பி மூன்று வாரம் வேடிக்கை பார்த்தேன்.

இரண்டாவது தடவை கேட்டபோது "தண்ணி மாத்துங்க சார்". மாற்றினேன். மூன்றாவது தடவை "லைட் பத்தல சார், கடைக்கு வாங்க, நல்ல லைட் ஒண்ணு இருக்கு" என்றார்கள். லோ லைட் என்று விற்றதே அவர்கள்தான்! நான்காவது மெசேஜுக்கு இரண்டு நீல டிக் மட்டும்தான்.

இதற்கிடையில் பல்வலி என்று டென்டல் கிளினிக் போயிருந்தேன். வரவேற்பு மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி, அடியில் கூழாங்கல், இரண்டு விரற்கடை தண்ணீர், அதில் என் 'பேம்பூ' ஜம்மென்று நிற்கிறது. வேர் மட்டும் தண்ணீரில், இலை எல்லாம் காற்றில். லக்கி பேம்பூ என்று விற்கிறார்களே, அதன் சொந்தக்காரச் செடி. மூங்கிலும் கிடையாது, டிரசீனா வகை. அங்கேயே உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். 'ரெட் பிளான்ட்' ஹெமிகிராஃபிஸ், தோட்டத்தில் தரையோடு படர்வது. புல், மாண்டோ கிராஸ், எங்கள் அபார்ட்மென்ட் நடைபாதை ஓரத்திலேயே நட்டிருக்கிறார்கள், தினம் அதைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போகிறேன். தரைச் செடியின் இலை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துப் பழகியது. தண்ணீருக்குள் அந்த வாயு காற்றில் நகர்வதை விட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் நகரும். முழுக்க முக்கி வைத்தால் மூச்சுமுட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், லைட்டைக் கூட்டினாலும் அதே கதிதான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பெண் "அப்பா, மீன் படுத்திருக்கு" என்றாள். மூன்று டெட்ரா. அழுகின இலை தண்ணீரில் மீனுக்கு விஷமான அம்மோனியாவை ஏற்றிவிட்டது. அம்மோனியா டெஸ்ட் சொட்டு விட்டுப் பார்த்தால், மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாக வந்தது.

மிச்சத்தைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். அந்தத் தம்பி என்னைப் பார்த்ததும் கையில் வலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கல்லாவில் முதலாளி. பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர் தண்ணியா, மெட்ரோவா?" மெட்ரோ என்றேன். "அதான் பிரச்சினை, குளோரின்." போர் என்று சொல்லியிருந்தால் உப்பு என்றிருப்பார். உயிருள்ள பொருளுக்கு கேரண்டி இல்லை என்று கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததைக் காட்டினார். அனுபியாஸ் தவிர ஒன்றுமே தண்ணீர்ச் செடி இல்லையே என்றதற்கு "எல்லாரும் வாங்கிட்டுத்தான் சார் போறாங்க" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் 'அக்வா பிளான்ட் காம்போ 1' என்று மட்டும்தான் இருக்கிறது. ஒரு செடிப் பெயர்கூட இல்லை. 1,850 ரூபாய், பணக்காரனுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம், எனக்கு அது ஒரு மாத கேஸும் பாலும். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன், பார்ப்போம்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகரைன், இந்த நாலு பெயரைச் சொல்லிக் கேளுங்கள், 'காம்போ' என்றால் திரும்பி வந்துவிடுங்கள். செடிப் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுதமாட்டேன் என்றால் அதுவே பதில். வெள்ளைக் கோடு போட்ட இலை எதையும் தொடாதீர்கள். தண்ணீரிலிருந்து தூக்கினால் துவண்டு விழுகிறதா பாருங்கள், முக்கால்வாசித் தண்ணீர்ச் செடி துவளும் (அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் விறைப்பாகத்தான் நிற்கும், அதை வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்). ஜாவா ஃபெர்னையும் புதைக்கக் கூடாது. உரப் பாட்டில் முதல் நாளே வேண்டாம், என்னுடையது முக்கால் பாட்டில் அப்படியே கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சும்மாவே தருகிறேன்.

அனுபியாஸில் அழுகாத ஒரு துண்டு, சுண்டுவிரல் நீளம், மிஞ்சியது. இரண்டு இலை. தையல் நூலால் கல்லில் கட்டிப் போட்டிருக்கிறேன். மீதி ஐந்து மீனும் அதைச் சுற்றித்தான் திரிகின்றன. இப்போது போய்த் தண்ணீர் மாற்ற வேண்டும்.