டிவிஷன் 3 அமெரிக்கன் ஃபுட்பால் நேரலை: வியாசர்பாடியிலிருந்து ஒரு மதிப்பீடு

வியாசர்பாடியில் ஃபுட்பால்னா காலால் ஆடுறதுதான். இது வேற ஆட்டம்: முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறணும்.

டிவிஷன் 3 என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு. இந்தக் கல்லூரிகளில் ஆடுவதற்காக உதவித்தொகை கிடையாது. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் மட்டும் கிடைக்கும். நம்மூர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு நேர் எதிர். ஆனாலும் தரத்தை லேசா எடை போடாதீங்க. மவுண்ட் யூனியன் கல்லூரி இந்தப் பிரிவில் 13 முறை பட்டம் வென்ற அணி.

செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை ஓர் அணிக்குப் பொதுவா 10 ஆட்டம், பிறகு நாக்-அவுட். 2024 முதல் அதில் 40 அணிகள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனி மதியம் 1 மணி ஆட்டம் நமக்கு இரவு 10:30. நவம்பரின் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பாங்க; அதுக்கு அப்புறம் 11:30. இந்த ஒரு மணி நேர மாற்றத்தை மறந்தா வெறும் திரையைத்தான் பார்க்கணும்.

ஒளிபரப்புதான் சுமார். பல இடங்களில் ஒரே கேமரா; நீளமா பந்தை வீசினா அது எங்கே விழுந்ததுன்னு கேமராக்காரருக்கே தெரியாது. ரீப்ளேயை நம்பி இருக்காதீங்க. சில கல்லூரிகள் இலவசம், சிலது கட்டணம். சீசன் பாஸ் எடுக்கும்முன் வெளியூர் ஆட்டங்களும் அதில் உண்டான்னு பாருங்க.

ஆட்டம் 3 மணி நேரம் ஓடும். 720பி-யில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. தினசரி 1.5 ஜிபி பிளான்காரங்க 12 மணி வரை 480பி-யில் ஓட்டி, புது டேட்டா வந்ததும் ஏத்திக்கலாம்.

5-க்கு என் மதிப்பெண்: ஆட்டத்துக்கு 4, ஒளிபரப்புக்கு 2.