ஹாக்விண்டின் 'ஸ்பேஸ் ரிச்சுவல்': குடோனில் போட்டுக் கேட்ட கதை

ஹாக்விண்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் மேடைக் கச்சேரி ரெக்கார்ட் இது, இரண்டு தட்டுள்ள இரட்டை எல்பி. தபால் செலவோடு நாலாயிரத்தைத் தொட்டுவிட்டது. அந்தக் காசுக்குக் கடைக்கு ஒரு நல்ல கார்ட்லெஸ் மைக் வந்திருக்கும் என்று வீட்டில் முணுமுணுப்பு. வந்திருக்கும்தான். ஆனால் ஸ்பேஸ் ராக் என்கிற ராக் இசை வகையில் எது சேரும், எது சேராது என்று அக்கா பையனோடு ஓயாமல் நடக்கிற சண்டையில் எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

நான் வியாசர்பாடியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஆடி மாசக் கூழ், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவு வீட்டுக் கானா என்று எல்லாவற்றுக்கும் பெட்டி தூக்குகிற தொழில். அப்பா கல்யாண வீடுகளில் ரெக்கார்ட் போட்ட டர்ன்டேபிள் இன்னும் என்னிடம் ஓடுகிறது, ஊசி மட்டும் புதுசு. அதிலிருந்து மிக்சர், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர், கடைசியில் குடோனில் சும்மா கிடந்த இரண்டு பதினைந்து இன்ச் பெட்டிகள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பெட்டியில் கேட்ட சத்தத்தை வைத்துத்தான்.

அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், கூட்டாளிகளோடு ஒரு பேண்டும் வைத்திருக்கிறான். அவன் கட்சி ரொம்ப எளிது. "பாட்டுல ராக்கெட்டு, கிரகம், நட்சத்திரம்லாம் வந்தா ஸ்பேஸ் ராக் மாமா. இதுல இன்னா டவுட்டு?"

"டேய், நிலாவ கூப்புடாத நம்ம ஹீரோ எவன்டா கீறான்? அத்தினி பேரும் ஸ்பேஸ் ராக்கா?"

சிரிப்பான், ஆனால் விடமாட்டான். உடனே பாடகர் டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யை இழுப்பான். 1969 ஜூலை 11-ல் வந்த பாட்டு, அப்போலோ 11 கிளம்புவதற்குச் சில நாள் முன்னால். விண்வெளி வீரர், தரையிலிருந்து அவரிடம் பேசுகிறவர்கள், எல்லாம் இருக்கிறது. எனக்கும் உயிரான பாட்டுதான். ஆனால் கிட்டார் மீட்டிக்கொண்டே கதை சொல்கிற பாட்டு அது. ராக்கெட்டை இறக்கிவிட்டுக் காசிமேட்டு விசைப்படகை ஏற்றி, கரைக்குத் திரும்பாத ஒருவனைப் பற்றிப் பாடினாலும் மெட்டு அப்படியே நிற்கும். வார்த்தையை மாற்றினால் எந்தப் பாட்டில் விண்வெளி கரைந்துபோகிறதோ அது ஸ்பேஸ் ராக் இல்லை என்பது என் முதல் சோதனை.

தலைகீழாகவும் போட்டுப் பார்க்கலாம். ஹாக்விண்ட் என்றாலே எல்லோரும் சொல்லும் பாட்டு 'சில்வர் மெஷின்'. 1972-ல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. வரிகளை எழுதியவர் குழுவின் கவிஞர் ராபர்ட் கால்வர்ட். ஆல்ஃபிரட் ஜாரி என்ற பிரெஞ்சு எழுத்தாளர் கால யந்திரம் செய்வது எப்படி என்று எழுதிய கட்டுரையைப் படித்திருக்கிறார். 'இந்த ஆள் சைக்கிளைத்தானே சொல்கிறார்' என்று தோன்றியிருக்கிறது. உலகமே விண்வெளிக்குப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கிண்டலாகச் சைக்கிளுக்கு ஒன்று கட்டினார். கேட்டவர்கள் விண்கலம் என்றே நினைத்தார்கள். பின்னால் ஓடுகிற சத்தம் அப்படி! இந்த எல்பியில் அந்தப் பாட்டு இல்லை, தேடாதீர்கள். ஆனால் அதில் வந்த பணத்தில்தான் இந்தக் கச்சேரிப் பயணத்தையே நடத்தினார்கள்.

டேவ் பிராக் லண்டனில் லாட்புரோக் குரோவ் பகுதியில் 1969-ல் தொடங்கிய குழு. 1972 டிசம்பரில் லிவர்பூலிலும் லண்டன் பிரிக்ஸ்டனிலும் மேடையில் வாசித்ததை எடுத்து 1973 மே மாதம் இந்த எல்பியாக விட்டார்கள். பட்டியலில் 9-ஆம் இடம். கதைச்சுருக்கம் இது போதும். எனக்குப் பிடித்த விஷயம் வேறு.

இந்தக் குழுவில் 'ஸ்பேஸ்' சத்தத்தைக் கொண்டுவந்த இரண்டு பேரும் முதலில் பெட்டி தூக்க வந்தவர்கள். டிக் மிக், டெல் டெட்மார் என்று பேர். சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மேடை ஏறிவிட்டார்கள். டெட்மார் கையில் ஈஎம்எஸ் கம்பெனியின் சிந்தசைசர், மின்சாரத்தால் சத்தம் உண்டாக்குகிற வாத்தியம். டிக் மிக் வாசித்ததோ ஆடியோ ஜெனரேட்டர். அது வாத்தியமே இல்லை. பழைய ரேடியோ மெக்கானிக் மேஜையில் கிடக்கும் சோதனைக் கருவி. ஒரே ஒரு சுருதி வரும், திருகினால் 'ஊய்ய்' என்று மேலே ஏறும், மறுபடி திருகினால் அடிவயிற்றுக்கு இறங்கும். ஆம்ப்ளிஃபயர் எங்கே இழுக்கிறது, எங்கே உடைகிறது என்று பார்க்க அதை உள்ளே விடுவோம். அதை எக்கோ பெட்டியில் சொருகி ஆயிரக்கணக்கான பேர் முன்னால் கச்சேரி செய்திருக்கிறார் மனுஷன். மைக் செட்காரன் எவனுக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

எக்கோ விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கானா பாடுகிறவர் மைக்கைப் பிடித்ததும் முதலில் சொல்வது "அண்ணே, எக்கோ கொஞ்சம் ஏத்து" என்பதுதான். எங்கள் மிக்சரில் அதற்கு இரண்டு திருகு. ஒன்று, போன குரல் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வர வேண்டும் என்பதற்கு. இன்னொன்று, எத்தனை தடவை வர வேண்டும் என்பதற்கு. அந்த இரண்டாவதை ஓர் அளவுக்கு மேல் திருப்பினால் வந்த குரலே மறுபடி உள்ளே போய், இன்னும் தடித்து வெளியே வந்து, பாடகர் வாயை மூடிய பிறகும் தானாக வளரும். அப்புறம் ஊளைதான். எங்கள் தொழிலில் அது அவமானம், கை தன்னால் ஓடிப்போய் இறக்கிவிடும். இந்த ரெக்கார்டில் அந்த ஊளைதான் வாத்தியம். யாரும் இறக்குவதில்லை.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிரொலி அரை விநாடி கழித்து வந்தால் சுவர் 85 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். நாம் கணக்குப் போடாவிட்டாலும் காது போட்டுவிடும். எதிரொலி தேயாமல் வந்துகொண்டே இருந்தால் காதுக்குச் சுவரே அகப்படாது. அப்படி ஓர் இடம் பூமியில் இல்லை. நிஜ விண்வெளியில் காற்றும் இல்லை, சத்தமும் இல்லை, அது வேறு விஷயம். 1967-லேயே பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டார்க்காரர் சிட் பாரெட் பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிப் பெட்டி வழியாகக் கிட்டாரை விட்டு இதைச் செய்துவிட்டார். அதற்குள் டேப் கிடையாது, சுழலும் காந்த உருளை. ஒரு ஹெட் (பதிவு முனை) சத்தத்தை அதில் எழுதும், அடுத்தடுத்து நிற்கும் ஹெட்கள் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகப் படிக்கும். அவர்களுடைய 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' ஒன்பதரை நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஸ்பேஸ் ராக் இல்லை என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

எக்கோ மட்டும் இருந்தால் ஆச்சா என்றால், அதுவும் இல்லை. மேலே எல்லாம் மிதக்கிறபோது கீழே ஒன்று அசையாமல் ஓட வேண்டும். முதல் பக்கத்தில் பூமியைக் கூப்பிடுகிற குரலும் கொர்கொர் சத்தமும் முடிந்து 'பார்ன் டு கோ' எடுத்ததும் குடோன் ஷட்டர் அதிர்ந்தது. அடிக்குரல் கொடுக்கிற பேஸ் கிட்டார் வாசிப்பது லெம்மி. அவர் கிட்டார்க்காரர், இந்தக் குழுவுக்கு வந்துதான் பேஸ் பிடித்தார். அதனால் ஒற்றைத் தந்தியில் நடக்காமல் கிட்டார் மாதிரி இரண்டு மூன்று தந்தியைச் சேர்த்து அறைகிறார். சைமன் கிங் டிரம்ஸ். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வருகிற ஒரு சின்ன இசைத் துணுக்கை, பத்து நிமிஷம் ஓட்டுகிறார்கள். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் மூச்சு விடாமல் ஆதார சுருதியைப் பிடித்திருப்பாரே, அந்த வேலைதான். என்ன, இங்கே சுருதியோடு தாளத்தையும் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தத் தரை இருப்பதால்தான் மேலே நிக் டர்னரின் சாக்ஸபோனும் அந்த 'ஊய்ய்'யும் எவ்வளவு தூரம் போய்விட்டன என்று தெரிகிறது.

தரையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் குழு டேஞ்சரின் டிரீம் 1971-ல் விட்ட 'ஆல்ஃபா சென்டாரி' இருக்கிறது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள், அற்புதம். ஸ்பேஸ் உண்டு, ராக் இல்லை. மேலே இருப்பதை எடுத்துவிட்டால்? அதற்கும் ஆள் இருக்கிறது. 1975-ல் ஹாக்விண்ட் லெம்மியை வெளியே அனுப்பியதும் அவர் மோட்டார்ஹெட் ஆரம்பித்தார். தந்தியை அறைகிற அதே அடி, அதே கரகரப்பு. எக்கோவும் ஜெனரேட்டரும் போய்விட்டன, பாட்டும் சுருக்கென்று முடிந்துவிடுகிறது. அவர்களை ஸ்பேஸ் ராக் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

அக்கா பையன் இங்கேதான் மடக்கினான். "அப்ப சோனிக் அட்டாக் இன்னா மாமா? அதுல தாளமே இல்லியே?" நியாயமான கேள்வி. இதே எல்பியில் வருவதுதான் அது. மைக்கேல் மூர்காக் என்ற விஞ்ஞானக்கதை எழுத்தாளர் எழுதிக்கொடுத்ததை கால்வர்ட் அரசாங்க அறிவிப்பு மாதிரி படிக்கிறார். ஒலியால் தாக்குதல் வந்தால் என்ன செய்ய வேண்டும், யாரைக் காப்பாற்ற வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று. பின்னால் வெறும் இரைச்சல். நான் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டேன். எதிர் வீட்டு ஆயா கையில் சொம்போடு ஷட்டர் வாசலுக்கு வந்து நின்றது.

"இன்னாப்பா, புயலா? ஆர்பர்ல எத்தினாம் நம்பர் கூண்டு ஏத்திகீறாங்க?"

இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது ஆயாவுக்கு. அந்தக் குரலிலேயே கலவரம் புரிந்துவிட்டது. புயல் இல்லை, பாட்டு என்றேன். "இதுக்குப் பேரு பாட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனது. பையனுக்கு என் பதில் இது: தனியாக எடுத்தால் அது ஸ்பேஸ் ராக் இல்லை. ஆனால் ஒருமணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடுகிற ஓட்டத்தின் நடுவில் தரையை ஒரு நிமிஷம் உருவிவிட்டு வயிற்றைக் கலக்குகிறார்கள். பிறகு டிரம்ஸ் திரும்பி வரும்போது அதன் அருமை தெரிகிறது. இதை வக்கீல் வாதம் என்றான் அவன். இருக்கட்டும்.

இந்த எல்பியில் எல்லாமே தேறுகிறது என்று சொல்ல மாட்டேன். 'ஆர்கோன் அக்யூமுலேட்டர்' பேரைப் பார்த்தால் விஞ்ஞானம், போட்டுப் பார்த்தால் பப்பில் கால் தட்டுகிற பூகி வகை ஆட்டப் பாட்டு. ஆட்டம் போடலாம், எங்கேயும் கிளம்பாது. 'மாஸ்டர் ஆஃப் தி யுனிவர்ஸ்' மட்டும் கேட்டாலே மொத்தக் காசும் செரித்துவிடும்.

பின்னால் வந்தவர்களில் ஸ்பேஸ்மென் 3, இங்கிலாந்தின் ரக்பி ஊர்க்காரர்கள், ஒரே கார்டில் (சேர்த்து மீட்டுகிற ஒரே ஸ்வரக் கூட்டில்) பாட்டு முழுவதும் நின்றுவிடுவார்கள், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேறுவார்கள். ஓஸ்ரிக் டென்டக்கிள்ஸும் அப்படியே. பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பமான 'டார்க் சைட் ஆஃப் தி மூன்'ஐப் பையன் எப்போதும் முன்னால் வைப்பான். அட்டைக்கு மார்க் போடலாம். உள்ளே 'ஆன் தி ரன்' மட்டும்தான் என் கணக்கில் சேரும், மிச்சமெல்லாம் நன்றாகக் கட்டிய பாட்டுகள். இதற்கு என்னை அடிக்க வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரவும், மற்ற நாள் லோடு இருக்கும்.

இனி சாமானைப் பற்றி. அட்டை பிரமாதம். பார்னி பபிள்ஸ் வரைந்தது, மடிப்பு மடிப்பாக விரிந்து மேஜையை அடைத்துக்கொள்ளும். எனக்கு வந்ததில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. விற்றவர்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன், இன்றைக்கு வரை பதில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஆரம்பத்திலேயே சடசடப்பு, துடைத்தும் போகவில்லை. குரல்கள் அடியில் அமுங்கிக் கிடக்கின்றன. அது ரெக்கார்டின் குறையில்லை, அந்த மேடையே அப்படித்தான்.

பெரிய வில்லங்கம் எல்பி என்கிற வடிவம்தான். நிற்காமல் ஓடுவதே உயிரான ஒரு சங்கதியை நாலு பக்கமாகத் துண்டு போட்டிருக்கிறார்கள். காது கிறங்கி மேலே போகிற நேரத்தில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். 'பிரெயின்ஸ்டார்ம்' இடம் போதாமல் வெட்டித்தான் ஏறியிருக்கிறது. அட்டைக்காக ஆசைப்படுகிறவர்கள் எல்பி வாங்கலாம். கேட்பதற்கு என்றால் சிடி வாங்குங்கள், விலையும் பாதிகூட ஆகாது. போனிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்பவர்கள் நல்ல ஹெட்போனாவது போடுங்கள். போன் ஸ்பீக்கரில் லெம்மி காணாமல் போய்விடுவார், விசில் சத்தம்தான் மிஞ்சும்.

அக்கா பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பேண்ட் எழுதிய பாட்டில் செவ்வாய் கிரகம் பல்லவியிலேயே வந்துவிடுகிறது, பாட்டோ சினிமாப் பாட்டு நீளத்தில் முடிந்துவிடுகிறது. டிரம்மரை எதற்கும் நிற்காமல் ஓடச் சொல், எக்கோ பெட்டி நான் தருகிறேன், வாடகை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கேபிளுக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எடுத்துப்போகட்டும்.